காலால் அளந்த பிட்ச்

அப்பா ஒருமுறை பந்து வீசி ஸ்டம்பை உடைத்தார். அது நான் பிறப்பதற்கு முன்னால். உடைந்த ஸ்டம்பின் மேல்பாதி எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. கீழ்ப்பாதி மைதானத்திலேயே புதைந்து கிடப்பதாக அப்பா சொல்வார். வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது பெட்டியில் முதலில் அதற்கு இடம் பார்த்துவிட்டு, மிச்ச இடத்தில் எங்கள் துணிகளை வைக்கச் சொன்னார். விமான நிலையத்தில் சோதனை அதிகாரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"என் வாழ்க்கை," என்றார் அப்பா.

அதிகாரி இரண்டு முனைகளையும் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அப்பாவுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தன. பந்து போட அவர் ஓடத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள், பேட்ஸ்மேனைவிடத் தங்களுக்குத்தான் அதிகம் பயமாக இருந்தது என்பார்களாம். மாநில அணிக்குப் பல வருடம், நாட்டு அணிக்கு ஒரே ஒரு வருடம் ஆடினார். பிறகு வலது மூட்டு போனது. அதற்கு அறுவை சிகிச்சை முடிந்ததும், துணைக்கு வருவதுபோல இடது மூட்டும் போனது.

அதன் பிறகு பெரிய மாமா கடை. மாமா குழாய், வாஷ்பேசின், கழிப்பறைப் பீங்கான் விற்கிறவர். கடை வாசலைப் பார்த்தபடி சுழலும் நாற்காலி ஒன்றைப் போட்டு அதில் அப்பாவை உட்கார வைத்தார். வருகிறவர்கள், "நீங்க எக்ஸ்பிரஸ்தானே?" என்று கேட்பார்கள். அப்பா ஆமாம் என்பார். அவர்கள் குழாய் வாங்கிக்கொண்டு போவார்கள். இதுதான் வேலை. சில வருடங்களில் அந்தக் கேள்வி நின்றுபோய், "இது துருப்பிடிக்குமா?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கும் அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டார். மாமா அவரிடம் கோபப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஊர்ப் பல் டாக்டர்தான் கிளப்பின் செயலாளர். ஸ்டம்ப் உடையும் பழைய வீடியோவை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். கோச்சாக வர முடியுமா, முதலில் ஒரு வருடம், குடும்பத்தோடு வரலாம் என்று கேட்டிருந்தார். அப்பா அந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அன்று அவர் மறுபடி உட்காரவே இல்லை என்று மாமா சொன்னார்.

எங்களுக்கு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை கொடுத்தார்கள். கீழே டயருக்குக் காற்றடித்தால் எங்கள் தட்டுகள் அதிரும். அம்மா வந்த வேகத்தில், துணி ஆல்டரேஷன் செய்யும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அந்த ஊரில் எல்லோரும் நீளமான பேண்டாக வாங்கி, பிறகு காசு கொடுத்துக் குட்டையாக்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப்போடுதான் வீட்டுக்கு வருவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பார்த்த முதல் வேலை அது.

அம்மாவைச் சந்தோஷப்படுத்திய இன்னொரு விஷயமும் நடந்தது. எங்கள் ஊரில் அப்பா தெருவில் எப்போதும் முன்னால் போய்விடுவார். அம்மா பைகளோடு பின்னால் வருவாள். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்று தோன்றாது. கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு எங்கே போனாலும் மாமாவின் வண்டிதான், சேர்ந்து நடந்ததே இல்லை. இங்கே வந்த பிறகு அப்பா பக்கத்திலேயே நடந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை, தோளோடு தோளாக. அம்மா இதைச் சித்தியிடம் போனில் சொன்னாள்.

"ஊர் மாறினதும் மனுஷன் மாறிட்டாருடி. கூடவே நடக்கிறாரு."

"யாரு, அத்தானா?"

"நேத்து குளிருதான்னு வேற கேட்டாரு."

"உடம்புக்கு ஏதாவது இருக்கப் போகுதுக்கா. டாக்டர்கிட்ட காட்டு."

அம்மா போனை வைத்துவிட்டு, வயித்தெரிச்சல் என்றாள்.

கிளப்பில் ஆள் சேர்ந்த விதம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மொழி பேசுகிற பஸ் டிரைவர் ஒருவர்தான் விக்கெட் கீப்பர். அப்பா அவரைத் தம்பி என்றதால் எனக்கு அவர் டிரைவர் சித்தப்பா. மற்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ரொட்டிக் கடைக்காரர் முதலில் இறங்கும் பேட்ஸ்மேன். தரைக்கு டைல்ஸ் ஒட்டும் அண்ணன் தம்பி இருவரும் வேகப்பந்து போடுகிறவர்கள். தினமும் முட்டி போட்டு வேலை செய்கிறவர்கள் எப்படி ஓடுவார்கள் என்று அப்பா முதலில் சந்தேகப்பட்டார். அவர்கள் ஓடினார்கள். நிற்கத்தான் தெரியவில்லை.

அப்பா பேசுவதை டிரைவர் சித்தப்பாதான் மொழிபெயர்ப்பார். அப்பா மூச்சு வாங்கத் திட்டி முடிப்பார். சித்தப்பா இரண்டு சொல் சொல்வார்.

"அவ்வளவுதானா?" என்பார் அப்பா.

"சாரம் அவ்வளவுதாண்ணே."

குளிர்காலம் முழுக்க மழையும் சேறும். அதனால் பயிற்சி ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. தரையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கோடுகள். எல்லா விளையாட்டுக்கும் ஒரு நிறம் இருந்தது. கிரிக்கெட்டுக்கு மட்டும் இல்லை. முதல் நாள் அப்பா உடைந்த ஸ்டம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு, பிட்ச் போட ஆரம்பித்தார். டைல்ஸ் அண்ணன் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து நீட்டினார். வேலைக்காரர், அவரிடம் அது எப்போதும் இருக்கும்.

அப்பா அதைப் பார்த்த பார்வையில் டேப் தானாகவே சுருண்டுகொண்டது.

"தம்பி, அவன்கிட்ட சொல்லு. ஃபாஸ்ட் பௌலருக்குக் கால்தான் டேப்பு. ஒரு எட்டு வச்சா ஒரு கெஜம். முடி அளவு கூடாது, குறையாது. பிட்ச் இருபத்திரண்டு கெஜம், இருபத்திரண்டு எட்டு. உலகத்துல எந்த கிரவுண்டுல வேணும்னாலும் என்னை இறக்கி விடு, கண்ணைக் கட்டிட்டு அளந்து காட்றேன்."

சித்தப்பா டைல்ஸ் அண்ணனிடம் ஒரு சொல் சொன்னார். அவர் டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தி நடந்து அளந்தார். முடிந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அந்தப் பிளாஸ்திரிக்கும் இந்தப் பிளாஸ்திரிக்கும் நடுவில் குளிர்காலம் முழுவதும் அவர்கள் பந்து போட்டார்கள், அடித்தார்கள். அப்பா சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: பந்து பேட்ஸ்மேனுக்கு முன்னால் எங்கே குத்த வேண்டும் என்பது. அந்த இடத்தில் ஒரு துண்டை விரித்துப் போடுவார். துண்டில் விழாத பந்துக்குத் திட்டு விழும். டைல்ஸ் சகோதரர்கள் நல்ல பிடிவாதக்காரர்கள். ஒரு கட்டத்தில் துண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. அது அம்மாவின் துண்டு.

குளிர் விடும் நேரத்தில் பல் டாக்டர் கூடத்துக்கு வந்தார். வெகுநேரம் பேசினார். சித்தப்பா எங்களுக்குச் சொன்னார்.

"அண்ணே, முதல் மேட்ச் பக்கத்து ஊரோட. அவங்களை இதுவரைக்கும் இவங்க ஜெயிச்சதே இல்லையாம். இந்தத் தடவை ஜெயிச்சா உங்களுக்கு இன்னும் மூணு வருஷம். கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க."

"தோத்தா?"

"தோத்தா கோச் வேண்டாமாம். பழையபடி தாங்களே தோத்துக்குவாங்களாம்."

கோச் வேலை போனால் விசா போகும். விசா போனால் பெரிய மாமா கடை. மாமா ஞாயிறுதோறும் தவறாமல் கூப்பிடுவார். அந்த வாரமும் கூப்பிட்டார்.

"மாப்ள, கவலைப்படாதீங்க. உங்க சேர் அப்படியே இருக்கு. துணி போட்டு மூடி வச்சிருக்கேன். யாரையும் உட்கார விடல."

"ரொம்ப நன்றி மச்சான்," என்றார் அப்பா. அப்படிச் சொன்னபோது அவர் முகம் டாக்டர் ஊசியை எடுக்கும்போது இருப்பதுபோல இருந்தது.

அம்மாவுக்குக் கடையில் அப்போதுதான் தனி மெஷின் கொடுத்திருந்தார்கள். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம். அவள் அப்பாவிடம் நேராகவே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட அந்தச் சேரை வித்துடச் சொல்லுங்க. நான் வரல."

"ஜெயிச்சாத்தான் இருக்க முடியும்."

"அப்ப ஜெயிங்க. இத்தனை வருஷமா ஸ்டம்பை உடைச்சேன் உடைச்சேன்னு கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

மேட்ச் பக்கத்து ஊரின் மைதானத்தில். புல்லுக்கு நடுவில் சிமென்ட் போட்டு அதன்மேல் பச்சை விரிப்பு விரித்த பிட்ச். இரண்டு அணிக்கும் இருபது ஓவர். எனக்கு ஸ்கோர் பலகையில் எண் மாட்டும் வேலையும், இடையில் தண்ணீர் கொண்டுபோகும் வேலையும் கொடுத்திருந்தார்கள். அம்மா அரை நாள் லீவு போட்டு, கழுத்தில் டேப்பைக் கழற்ற மறந்து, பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் முதலில் பேட்டிங். முதல் பந்துக்கு ரொட்டிக் கடைக்காரர் ஓங்கி அடித்தார். அடித்து முடித்த பிறகுதான் பந்து வந்தது. இரண்டாவது பந்துக்கும் அப்படியே. அப்பா தலையில் கை வைத்தார். ஐந்தாவது பந்துக்குக் கடைக்காரர் உடனே அடிக்காமல் நின்று, பந்து வருவதை ஏதோ விருந்தாளி வருவதுபோலப் பார்த்துவிட்டு அடித்தார். அது எல்லையைத் தாண்டியது. அதன் பிறகு எல்லோருமே அப்படித்தான் ஆடினார்கள். அவசரமே இல்லை. ஆட்டமிழந்து திரும்பி வந்த ரொட்டிக் கடைக்காரர் சித்தப்பாவிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றான்?"

"பந்து வந்து சேரவே மாட்டேங்குதாம். நடுவுல ஒரு தூக்கம் போடலாமாம்."

"கோச்சிங்," என்றார் அப்பா, வானத்தைப் பார்த்து.

நான் நூற்று அறுபத்து நான்கு என்று மாட்டினேன். அந்த கிளப் அதுவரை மூன்றாவது இலக்கத்தை மாட்டியதே இல்லை என்று பல் டாக்டர் என்னிடம் சைகையால் சொன்னார்.

பிறகு எங்கள் பந்துவீச்சு. டைல்ஸ் அண்ணன் ஓடி வந்து, குளிர்காலம் முழுக்கத் துண்டில் போட்ட அதே பந்தைப் போட்டார். அது எங்கோ முன்னாலேயே குத்தி, எழும்பி, பேட்ஸ்மேனின் இடுப்புக்கு நேராக வந்து நின்றது. அவர் அதை மரங்களுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். டைல்ஸ் தம்பியும் அதேபோலப் போட்டார். அதுவும் மரங்களைப் பார்க்கப் போனது. எனக்கு எண் மாட்ட நேரம் போதவில்லை. பத்து ஓவரில் அவர்கள் நூறைத் தொட்டார்கள். அம்மா டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் இடைவேளை விட்டதும் அப்பா விறுவிறுவென்று மைதானத்துக்குள் போனார். நான் பாட்டில்களோடு பின்னால் போனேன். அவர் நேராக நடுவரிடம் போனார்.

"தம்பி, இவர்கிட்ட சொல்லு. பிட்ச் நீளமா இருக்கு. ஏமாத்துறாங்க. என் பசங்க துண்டை விட்டு விலகிப் போட்டதே இல்ல. குட்டையா விழுதுன்னா பிட்ச்தான் தப்பு."

"அண்ணே, பிட்சை எப்படிண்ணே நீட்டுவாங்க? சிமென்ட்டு."

"நான் அளந்து காட்றேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா இந்த முனை ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சத்தமாக எண்ணினார். இருபத்திரண்டு என்று சொல்லி நின்றார். அந்த முனை ஸ்டம்ப் இன்னும் இரண்டு எட்டு தள்ளி இருந்தது.

"பார்த்தீங்களா!" என்றார்.

நடுவர் ஓரத்துப் பெட்டியிலிருந்து இருபத்திரண்டு கெஜ அளவுச் சங்கிலியை எடுத்து வரச் செய்தார். இரண்டு பேர் பிடித்து நீட்டினார்கள். இந்த ஸ்டம்பில் தொடங்கி அந்த ஸ்டம்பில் சங்கிலி சரியாக முடிந்தது. டைல்ஸ் அண்ணன் குனிந்து முனையைப் பார்த்துத் தலையாட்டினார். சுத்தமான வேலை என்பதுபோல.

அப்பா சங்கிலியைப் பார்த்தார். பிறகு தன் ஷூக்களைப் பார்த்தார். மறுபடி சங்கிலியைப் பார்த்தார்.  நான் ஒரு பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"இன்னொரு தடவை நடந்து பார்க்கட்டுமா?" என்றார் மெதுவாக.

"வேணாண்ணே," என்றார் சித்தப்பா.

அப்பா டைல்ஸ் சகோதரர்களைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு. சாரம் எடுக்காத. பிட்ச்ல தப்பு இல்ல. என் கால்ல தப்பு. மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் என் எட்டு குறைஞ்சு போயிருக்கு. எனக்கே தெரியல. குளிர்காலம் பூரா உங்களுக்குக் குட்டைப் பிட்ச்ல சொல்லிக் குடுத்திருக்கேன். நீங்க தப்பாப் போடல. துண்டை மறந்துட்டு, அதுக்கு ரெண்டு எட்டு தள்ளிப் போடுங்க. என்னை மன்னிச்சிடுங்க."

சித்தப்பா பேச ஆரம்பித்தார். அப்பா சொன்னதைவிட நீளமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. கேட்கக் கேட்க டைல்ஸ் சகோதரர்களின் கண்கள் விரிந்தன. பேசி முடித்ததும் தம்பி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் முதுகில் தட்டினார்.

அவர்கள் போனதும் அப்பா கேட்டார். "என்னடா சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான்."

"நான் சொன்னதுக்கு எவனாவது கை குடுப்பானா?"

"கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்."

"என்னத்த?"

"வேணும்னே செஞ்சதுன்னு. குட்டைப் பிட்ச்ல பழகினா பேட்டிங்கு வரும், அதான் நூத்தி அறுபத்து நாலு. பௌலிங்க மட்டும் இன்னிக்கு மாத்திக்கிடலாம்னு கோச் மொதல்லயே போட்ட கணக்குன்னு சொன்னேன். மனசு உடைஞ்சு போறவன்கிட்ட உண்மையைச் சொல்லி என்னண்ணே பண்றது? இன்னும் பத்து ஓவர் இருக்கு."

அப்பா வாயைத் திறந்தார். நடுவர் அவரை வெளியே போகச் சொன்னார்.

அடுத்த ஓவரில் டைல்ஸ் அண்ணனின் பந்து பேட்ஸ்மேனின் கால் விரலுக்குப் பக்கத்தில் குத்தியது. அவர் துள்ளினார். அதற்கடுத்த பந்து விக்கெட். நூறைக் கண்மூடித் திறப்பதற்குள் தொட்டவர்கள், பிறகு ஒவ்வொரு ஓட்டமாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கடைசி ஓவரில் அவர்களுக்கு ஆறு ஓட்டம் தேவை, கையில் ஒரே விக்கெட். டைல்ஸ் தம்பி ஓடி வந்தார். அப்பா எல்லைக் கோட்டில் நின்று, தானும் ஓடுவதுபோல ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். பந்து நடு ஸ்டம்பின் அடியில் பட்டது. ஸ்டம்ப் கொஞ்சம் சாய்ந்து, அப்படியே நின்றது.

"உடையல," என்றார் அப்பா. பிறகுதான் கை தட்டினார்.

பல் டாக்டர் எல்லாப் பற்களும் தெரிய ஓடி வந்தார். சித்தப்பா சொன்ன கணக்கு அதற்குள் அவர் காதுக்கும் போய்விட்டது. மூன்று வருடம் உறுதி என்றார். இந்தக் குட்டைப் பிட்ச் முறையை மற்ற கிளப் கோச்சுகளுக்கும் அப்பா சொல்லித் தர வேண்டும், அதற்குக் கூடத்தையும் ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

"தம்பி, இவர்கிட்ட உள்ளதைச் சொல்லு. முறையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கால் குறைஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

சித்தப்பா இந்த முறை உள்ளதைத்தான் சொன்னார் போலிருக்கிறது. ஏனென்றால் தன் காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். பல் டாக்டர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவின் தோளை அணைத்துக்கொண்டார்.

"என்னவாம்?"

"பெரிய ஆளுங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்களாம்."

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.  நிறுத்தத்தில் இறங்கி, வெயில் சாய்ந்த தெருவில் நடக்க ஆரம்பித்தோம். வழக்கம்போல இரண்டு பேரும் தோளோடு தோளாக. நான் பின்னால். தபால் பெட்டியைத் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"அப்ப, மூட்டுதான்."

"எது?"

"இத்தனை நாளா கூட நடந்தீங்களே. அது."

அப்பா யோசித்தார். இதை அவர் மூட்டோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் எப்பவும் நடக்கிற மாதிரிதான் நடக்கிறேன்," என்றார். "நீதான் வேகமாயிட்டன்னு நினைச்சேன்."

அம்மா கையிலிருந்த பையை அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு அம்மா அவளுடைய நடையில் நடந்தாள். அவள் இவ்வளவு வேகமாக நடப்பாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். டயர் கடை வெளிச்சம் வரை போய்விட்டாள். பின்னால் அப்பா பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஏம்மா, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்," என்று கூப்பிட்டார்.

அம்மா நின்றாள். திரும்பி, கழுத்து டேப்பைச் சரி செய்துகொண்டு, நாங்கள் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாங்க எக்ஸ்பிரஸ்," என்றாள். "மூணு வருஷம் இருக்கு. அவசரமில்ல."